பள்ளிப் பிள்ளைக்கு அறிவியல் இன்டர்ன்ஷிப்: யுவிகாவா, பக்கத்துக் கல்லூரி லேப்பா, பணம் கட்டும் கேம்ப்பா?

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை என்றால் இஸ்ரோ நடத்தும் யுவிகா என்ற விண்வெளி அறிவியல் முகாமுக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். கிடைத்தால் போகட்டும், கிடைக்காவிட்டால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப் போகிற பிள்ளை என்றால், தேர்வு முடிந்து பள்ளி திறக்கும்வரை கிடைக்கிற இடைவெளிக்காக, ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு கல்லூரி லேப்பில் பிப்ரவரியிலேயே கேட்டு வையுங்கள். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு 'இன்டர்ன்ஷிப் சான்றிதழ்' தருகிற இடங்கள் கடைசி, பெரும்பாலும் தேவையே இல்லை. என் முடிவு இதுதான். ஏன் இந்த வரிசை என்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் ஊருக்கும் உங்கள் பிள்ளைக்கும் இது கொஞ்சம் மாறலாம்.

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்கிறேன். பொங்கல் முடிந்ததும் பெற்றோர்கள் ஃபோன் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள், பிள்ளைகளிடமிருந்து மின்னஞ்சல் வரும், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் நேரிலேயே வந்து கேட்பார்கள். இடம் கேட்கிறவர்களின் பதற்றமும் தெரியும், இடம் கொடுக்கிற துறைக்குள் என்ன நடக்கிறது என்பதும் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிறைய நல்ல பிள்ளைகள் சும்மா தவறிப்போகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

முதலில் வீண் அலைச்சலைக் குறைத்துக்கொள்ளலாம். இணையத்தில் தேடினால் நீளமான பட்டியல்கள் வரும். அவற்றில் அறிவியல் அகாதமிகள் நடத்தும் கோடைக்கால ஆய்வு ஊக்கத்தொகை இருக்கும், ஐஐடி மெட்ராஸின் கோடைக்கால ஃபெலோஷிப் இருக்கும். இவை கல்லூரி மாணவர்களுக்கானவை, பள்ளிப் பிள்ளை விண்ணப்பித்தால் படிக்காமலேயே தள்ளிவிடுவார்கள். அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து ஊக்கத்தொகை கொடுத்த கேவிபிஒய் திட்டத்தின் பெயரும் இன்னும் பல பட்டியல்களில் இருக்கிறது. 1999-இல் தொடங்கிய அந்தத் திட்டம் 2022-இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் திட்டத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது, அந்தத் தேர்வு இப்போது கிடையாது. அதற்கென்று பயிற்சிப் புத்தகம் வாங்கி வைத்திருக்கும் வீடுகளை இப்போதும் பார்க்கிறேன்.

சரி, யுவிகாவுக்கு வருவோம். 2019-இல் தொடங்கிய திட்டம், கொரோனா காலத்தில் நின்று, 2022-இலிருந்து மறுபடி நடக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். மே மாதத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம், தங்கிப் படிக்க வேண்டும். திருவனந்தபுரம், பெங்களூரு, ஸ்ரீஹரிகோட்டா, ஹைதராபாத், அகமதாபாத், டேராடூன், ஷில்லாங் என்று ஏழு மையங்கள். பயணச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, பாடப் பொருள்கள் எல்லாம் இஸ்ரோ பார்த்துக்கொள்கிறது. விஞ்ஞானிகளின் விரிவுரைகள், மாதிரி ராக்கெட், செயற்கைக்கோள் ஆகியவற்றைத் தானே பொருத்திப் பார்ப்பது, ரோபோ சவால், இரவு வானம் பார்ப்பது, ஆய்வுக்கூடங்களைச் சுற்றிப் பார்ப்பது என்று நிகழ்ச்சி போகும். நேர்மையாகச் சொன்னால் இதை இன்டர்ன்ஷிப் என்று சொல்ல முடியாது, நல்ல தரமான முகாம். ஆனால் பதினாலு வயதுப் பிள்ளைக்கு, அதுவும் வெளியூரே அதிகம் பார்க்காத பிள்ளைக்கு, ராக்கெட் செய்கிற மனிதர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடக் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை.

எல்லோரும் கோட்டை விடுகிற இடம் தேர்வு முறை. இணைய வழி வினாடி வினா ஒன்று இருப்பதால் அதற்குத்தான் எல்லாம் என்று நினைத்து, பிள்ளையை விண்வெளிப் பொது அறிவு மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அந்த வினாடி வினாவுக்கு 10 சதவீதம்தான். எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 சதவீதம். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் அறிவியல் கண்காட்சியில் கலந்துகொண்டதற்கு 10 வரை, ஒலிம்பியாட் மாதிரியான போட்டிகளுக்கு 5 வரை, விளையாட்டுக்கு 5 வரை, சாரணர், என்சிசி, என்எஸ்எஸ் உறுப்பினருக்கு 5. கடைசியாக, ஊராட்சிப் பகுதியில் இருக்கும் கிராமப் பள்ளியில் படிப்பதற்கு 15. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊராட்சிப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் 90 சதவீதம் வாங்கிய பெண்ணுக்கு 45-ம் 15-ம் சேர்ந்து, வினாடி வினாவைத் தொடுவதற்கு முன்பே 60 வந்துவிடுகிறது. நகரத்துப் பள்ளியில் 98 சதவீதம் வாங்கிய பையனுக்கு அந்த இடத்தில் 49. கண்காட்சிச் சான்றிதழும் விளையாட்டுச் சான்றிதழும் கையில் இருந்தால்தான் அவன் இவளை எட்டிப் பிடிக்க முடியும்.

ஆக, கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்திருக்கிற திட்டம் இது. ஆனால் விண்ணப்பிப்பதில் நகரத்துத் தனியார் பள்ளிகள்தான் முந்திக்கொள்கின்றன, காரணம் அங்கே சுற்றறிக்கை போய்விடுகிறது, யாராவது ஒருவர் உட்கார்ந்து பதிவு செய்து கொடுக்கிறார். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இதைப் படித்தால் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இஸ்ரோவின் அறிவிப்பைக் கவனித்து, வகுப்பில் முதல் நான்கைந்து பிள்ளைகளுக்காவது நீங்களே பதிவு செய்து கொடுங்கள். விண்ணப்பத்தின் அச்சுப் பிரதியில் தலைமையாசிரியர் சான்றளித்து அதைத் திரும்பப் பதிவேற்ற வேண்டும், இந்தக் கட்டத்தில்தான் பல பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். முழு ஆண்டுத் தேர்வு வேலையில் தலைமையாசிரியர் மூழ்கியிருக்கும் நேரம் அது. கடைசி நாளுக்குக் காத்திருக்காதீர்கள். பள்ளி இருக்கும் இடம் ஊராட்சியா பேரூராட்சியா என்பதையும் முன்னாலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், தவறாகக் குறிப்பிட்டால் தேர்வான பிறகும் ரத்தாகும்.

அண்மை ஆண்டுகளில் நாடு முழுவதிலும் சேர்த்து 350 பேர் அளவில்தான் எடுக்கிறார்கள், விண்ணப்பமோ லட்சத்தைத் தாண்டுகிறது. அதனால்தான் இதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம் என்கிறேன். இதற்குத் தயாராவது என்றால் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் கண்காட்சிகளில் கலந்துகொண்டு சான்றிதழைப் பத்திரமாக வைப்பதுதான், ஒன்பதாம் வகுப்பு மார்ச்சில் செய்வதற்கு அதிகம் ஒன்றும் மிச்சமில்லை.

மத்திய அரசின் ஆய்வகங்கள் பலவற்றை நடத்தும் சிஎஸ்ஐஆர் நிறுவனத்தின் ஜிக்யாசா திட்டத்தை நம் ஊரில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. 2017-இல் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளோடு தொடங்கியது, விஞ்ஞானிகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்து வைப்பது நோக்கம். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், சென்னையில் தோல் ஆராய்ச்சி நிறுவனம், தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் மையம் ஆகியவை சிஎஸ்ஐஆர் ஆய்வகங்கள்தான். இங்கே தனி மாணவர் விண்ணப்பிப்பதைவிடப் பள்ளி எழுதிக் கேட்பதுதான் நடக்கும். கிடைப்பது ஒரு நாள், சில சமயம் சில நாள். சிவகங்கை மாவட்டத்திலோ புதுக்கோட்டையிலோ இருக்கும் பள்ளிகள் காரைக்குடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கடிதம் கூட எழுதாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறவில்லை.

இனி, நான் உண்மையிலேயே அதிகம் நம்புகிற வழி: பக்கத்துக் கல்லூரி லேப்.

இதற்கு விளம்பரம் கிடையாது, விண்ணப்பப் படிவம் கிடையாது, தேர்வுப் பட்டியலும் கிடையாது. ஒரு பேராசிரியருக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும், அவர் சரி என்று சொல்ல வேண்டும், துறைத் தலைவரும் முதல்வரும் அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான். அதனாலேயே பெற்றோர்கள் இதை ஒரு வழியாகவே நினைப்பதில்லை. கடலூரிலோ தேனியிலோ தர்மபுரியிலோ இருக்கிற பிள்ளைக்கு, பஸ் ஏறி அரை மணி நேரத்தில் போகக்கூடிய தூரத்தில் பெரும்பாலும் ஒரு கல்லூரி இருக்கும். பொறியியல் கல்லூரிதான் வேண்டும் என்று இல்லை. வேளாண் அறிவியல் நிலையங்களை மறந்துவிடாதீர்கள். இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையமே 1974-இல் புதுச்சேரியில்தான் தொடங்கியது, இன்று ஏறக்குறைய எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. மண் பரிசோதனை, பூச்சி மேலாண்மை, விதை என்று அங்கே நடக்கும் வேலை பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கண்ணுக்குத் தெரிந்து, கைக்கும் எட்டக்கூடிய வேலை.

எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்கு வரும் மின்னஞ்சல்களில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும்: "மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு அறிவியலில் மிகுந்த ஆர்வம் உண்டு. தங்கள் ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய விரும்புகிறேன். சான்றிதழ் வழங்கப்படுமா?" இதே கடிதம் இன்னும் பல பேருக்குப் போயிருக்கிறது என்பது முகவரிப் பட்டியலிலேயே தெரியும். பதில் எழுத எனக்கு ஒரு பிடி கிடைப்பதில்லை.

ஒரு பெண் எழுதிய கடிதத்தை மட்டும் நான் மறக்கவில்லை. அவள் தெருவில் இரண்டு ஆழ்துளைக் கிணறுகள். ஒன்றின் தண்ணீரில் துவரம்பருப்பு வேகிறது, இன்னொன்றில் குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் முழுதாக நிற்கிறது. அண்ணனிடம் இருந்த டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண். "மீட்டர் தப்பா, இல்லை பருப்பு வேகாததற்கு வேறு காரணமா, உங்கள் துறையில் தண்ணீர் சோதிக்கிறீர்கள் என்று கல்லூரி இணையதளத்தில் பார்த்தேன், இரண்டு பாட்டில் கொண்டு வரலாமா?" என்று கேட்டிருந்தாள். சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கே வரச் சொல்லிப் பதில் எழுதினேன்.

அவள் வந்து செய்தது என்னவென்று சொல்கிறேன், லேப் வேலை என்றால் எப்படி இருக்கும் என்று பெற்றோருக்கும் தெரிய வேண்டும். முதல் இரண்டு நாள் கண்ணாடிப் பாத்திரம் கழுவுவது, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசுவது, பியூரெட் என்ற அளவுக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்புவது. நீர்மட்டத்தின் கீழ் வளைவைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிப்பதற்கே பழக்கம் வேண்டும், குனிந்து பார்த்தால் ஒரு அளவு, எக்கிப் பார்த்தால் வேறு அளவு. அப்புறம் கடினத்தன்மை சோதனை, அதாவது தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று பார்ப்பது. தண்ணீரில் பஃபர் கரைசல் விட்டு, எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டி ஒரு சிட்டிகை போட்டால் திராட்சை ரசம் போலச் சிவக்கும். ஈடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே குடுவையைச் சுழற்ற வேண்டும். சிவப்பு மெல்ல ஊதாவாகும், அந்த நேரத்தில் கையை அடக்கிக்கொண்டு ஒரே ஒரு சொட்டு விட்டால் நீலம். ஒரு சொட்டு கூடினாலும் மறுபடி முதலிலிருந்து. மூன்று முறை ஒத்த அளவு வந்தால்தான் நோட்டில் எழுதலாம்.

பருப்பு வேகாத கிணற்றின் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிக அதிகம், பருப்பு வெந்த கிணற்றின் தண்ணீரில் கரைந்திருந்ததில் பெரும்பகுதி சோடியம் உப்பு. டிடிஎஸ் மீட்டர் உண்மையில் மின்கடத்தலை அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது, எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. பருப்பின் செல்களுக்கு நடுவில் பசை போல இருக்கிற பெக்டினைக் கால்சியம் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் பருப்பு குழைவதில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லை என்றால் 600 வரை. எந்தக் கிணறு இந்த அளவுக்கு எந்தப் பக்கம் என்று அவளே கண்டுபிடித்து, தன் தெருவில் போய்ச் சொன்னாள். இது பெரிய ஆராய்ச்சி ஒன்றும் கிடையாது, இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் செய்கிற சோதனைதான். ஆனால் கேள்வி அவளுடையது, அளந்த கை அவளுடையது, இரண்டு வார முகாமில் எத்தனை நல்ல விரிவுரை கேட்டாலும் இது கிடைக்காது. அதனால்தான் என் வரிசையில் இது மேலே இருக்கிறது.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். யார் கிடைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் பிள்ளையோடு நாள் முழுக்க இருக்கப் போவது பெரும்பாலும் அந்த லேப்பில் பிஎச்டி செய்யும் ஆய்வு மாணவர். அவருக்குப் பொறுமை இருந்தால் பிள்ளைக்கு யோகம், இல்லை என்றால் மூலையில் உட்கார்ந்து செல்ஃபோன் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும். அதனால் முதல் சந்திப்பிலேயே "யாரோடு வேலை செய்யப் போகிறான், தினமும் எத்தனை மணிக்கு வரலாம்" என்று கேட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். காலமும் முக்கியம். ஏப்ரலில் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு, மே மாதம் விடுமுறை. ஆய்வு மாணவர்கள் மே மாதத்திலும் வருவார்கள், லேப்பும் காலியாக இருக்கும், பள்ளிப் பிள்ளைக்கு அதுதான் நல்ல நேரம். ஆனால் மே மாதம் வந்து கேட்டால் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட முதல்வர் ஊரில் இருக்க மாட்டார். பிப்ரவரியில் கேளுங்கள் என்று ஆரம்பத்தில் சொன்னது அதற்காகத்தான்.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்பதால் பெற்றோரின் சம்மதக் கடிதம் கொடுங்கள், கல்லூரி கேட்காவிட்டாலும் கொடுங்கள். பிள்ளையை லேப்பில் தனியாக விடக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மூடிய காலணி, பருத்தி உடை, கண்ணாடி, பின்னிக் கட்டிய கூந்தல். பெண் பிள்ளையை அனுப்புகிறீர்கள் என்றால் அந்த லேப்பில் பெண் ஆய்வு மாணவர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள், முதல் நாள் கூடவே வந்து இடத்தைப் பாருங்கள், மாலை ஐந்துக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று பேசி வையுங்கள். நல்ல பேராசிரியர் இதையெல்லாம் கேட்கும் பெற்றோரை மதிப்பார், முகம் சுளிக்கிற இடமாக இருந்தால் அந்த இடமே வேண்டாம். போக்குவரத்தும் பெரிய செலவு இல்லை, அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பெண் பிள்ளைகள் தூரத்து முகாமுக்குப் போக வீட்டில் சம்மதிக்காத குடும்பங்களுக்கு இதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன், காலையில் போய் மாலையில் வீடு திரும்பிவிடலாம்.

ஏன் பத்தாம் வகுப்புக்குப் பிறகு? பதினொன்று முடிந்த கோடையில் நம் பள்ளிகள் பல பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுகின்றன, நீட், ஜேஇஇ வகுப்புகள் வேறு. அந்த நேரத்தில் லேப்புக்கு வருகிற பிள்ளையின் மனது லேப்பில் இருக்காது. பத்தாம் வகுப்பு முடிந்த பிள்ளைக்கு மட்டும்தான் ஒரு வேலையும் இல்லாத முழுசான ஆறேழு வாரம் கிடைக்கிறது. இன்னொன்று, அந்த இடைவெளி முடியும்போதுதான் எந்த குரூப் எடுப்பது என்று முடிவு செய்யப் போகிறீர்கள். உயிரியல் வேண்டும் என்று அடம் பிடிக்கிற பிள்ளை ஒரு தாவரவியல் லேப்பில் இரண்டு வாரம் இருந்து பார்க்கட்டும். அதன் பிறகும் வேண்டும் என்றால் கொடுங்கள். மாமா சொன்னார், பக்கத்து வீட்டு அக்கா எடுத்தாள் என்று குரூப் எடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

பணம் கட்டும் கேம்ப்புகளைப் பற்றி. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. தங்குமிடம், சாப்பாடு, கருவிகள் எல்லாவற்றுக்கும் செலவாகும், நியாயமான கட்டணத்தில் நல்ல ஆசிரியர்களை வைத்து நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வேண்டாம் என்பது, "இந்தச் சான்றிதழ் இருந்தால் நல்ல கல்லூரியில் இடம் கிடைக்கும்" என்று சொல்லி விற்கப்படுகிறவற்றை. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட் ஆஃப் எப்படி வருகிறது? பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. மருத்துவத்துக்கு நீட். ஐஐடிக்கு ஜேஇஇ. ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கு அவர்களுடைய நுழைவுத் தேர்வு. இதில் இன்டர்ன்ஷிப் சான்றிதழுக்கு ஒரு மதிப்பெண் கூடக் கிடையாது. ஒலிம்பியாடில் மேலே போன பிள்ளைகளுக்குச் சென்னை கணிதவியல் கழகம், ஐஐடி மெட்ராஸ் மாதிரி சில இடங்களில் தனி வழி இருக்கிறது, ஆனால் அது விலை கொடுத்து வாங்குகிற சமாச்சாரம் இல்லை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இதைப் பார்க்குமே என்பார்கள். பார்க்கும்தான். ஆனால் உலகத்தில் மிகவும் மதிக்கப்படும் பள்ளி மாணவர் ஆய்வுத் திட்டங்களில் ஒன்று, அமெரிக்காவில் எம்ஐடியில் நடக்கும் ஆர்எஸ்ஐ. 1984-இல் தொடங்கியது. ஆறு வாரம், நூறு பேர் அளவில், ஒரு வழிகாட்டியின் கீழ் ஆய்வு செய்து, கட்டுரை எழுதி, மேடையில் விளக்க வேண்டும். கற்பிக்கவும் தங்கவும் அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. யுவிகாவும் வாங்குவதில்லை, ஜிக்யாசாவும் வாங்குவதில்லை. பிள்ளையைத் தேர்ந்தெடுத்து எடுக்கிற இடங்கள் பிள்ளைக்காகச் செலவு செய்கின்றன. யாரையும் கேள்வி கேட்காமல், பணம் கட்டிய எல்லோரையும் "நீங்கள் தேர்வாகியுள்ளீர்கள்" என்று வாழ்த்துகிற இடத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பாடம் எடுக்கிறவர் யார், எங்கே வேலை செய்கிறார்? ஒரு குழுவில் எத்தனை பிள்ளைகள்? பிள்ளை தன் கையால் எந்தக் கருவியைத் தொடப் போகிறது? மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு ஆர்வம் கணினியில் என்றால் கணக்கு வேறு. கூகுள் சம்மர் ஆஃப் கோடு பதினெட்டு வயதுக்கு மேல்தான், பள்ளிப் பிள்ளைகளுக்காக இருந்த கூகுள் கோடு இன் 2019-ஓடு நின்றுவிட்டது. நிறுவனங்கள் பதினைந்து வயதுப் பிள்ளையை வேலைக்கு உள்ளே விடுவதும் அபூர்வம். கட்டற்ற மென்பொருள் குழுக்கள்தான், அதாவது யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளில் வேலை செய்கிறவர்கள்தான், இங்கே கை கொடுக்கும். விழுப்புரத்தில் விஜிஎல்யுஜி குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறது, காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, கணியம் தளத்தில் தமிழிலேயே நிரலாக்கம் படிக்கலாம். அங்கே போய் ஒரு சின்ன பிழையைத் திருத்திக் கொடுத்தால் அது எல்லோரும் பார்க்கிற இடத்தில் நிற்கும், சான்றிதழைவிட உறுதியான சாட்சி.

எங்கேயும் போக முடியாத பிள்ளைகளுக்கு என்ன வழி என்று கேட்டால், தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993 முதல் நடக்கிறது, தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைக்கிறது. 10 முதல் 17 வயது, இரண்டு பேர் சேர்ந்து, சொந்த ஊரில் ஒரு பிரச்சினையை எடுத்து ஆய்வு செய்ய வேண்டும். ஒரு வழிகாட்டி ஆசிரியர் போதும், லேப் கட்டாயமில்லை. இன்ஸ்பயர் மானக் விருதுக்குப் பள்ளி மூலமாக யோசனை அனுப்பலாம், தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும், மாவட்டக் கண்காட்சியில் வைக்கலாம். எட்டாம் வகுப்பில் இதைச் செய்கிற பிள்ளைக்கு அடுத்த ஆண்டு யுவிகா விண்ணப்பத்தில் கண்காட்சிப் பகுதி தானாக நிரம்பிவிடும்.

வீட்டில் கணினி இருந்தால் சிறுகோள் தேடும் திட்டமும் உண்டு. ஹவாய்த் தீவில் இருக்கும் பான்ஸ்டார்ஸ் தொலைநோக்கியின் படங்களைக் குழுவாகப் பார்த்து, நகரும் புள்ளியைக் கண்டுபிடித்து அறிக்கை அனுப்ப வேண்டும், கட்டணம் இல்லை. நல்ல பயிற்சி, கண்ணும் பொறுமையும் பழகும். ஆனால் "சிறுகோளைக் கண்டுபிடித்த மாணவன்" என்று செய்தித்தாளில் வருகிற அளவுக்குப் பெரிதாக்க வேண்டாம், முதற்கட்ட அறிக்கை உறுதியாகி எண் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். பறவை பிடிக்கும் பிள்ளை என்றால் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுக்க நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேரட்டும், பைனாகுலர் கூடக் கட்டாயமில்லை.

ஆங்கிலம் வராதே என்று தயங்குகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. யுவிகா மாதிரி அகில இந்திய முகாம்களில் விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், முதல் இரண்டு நாள் திணறலாம். குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் தமிழிலேயே அறிக்கை எழுதித் தமிழிலேயே பேசலாம். பக்கத்துக் கல்லூரியில் ஆய்வு மாணவர் உங்களோடு தமிழில்தான் பேசப் போகிறார். எனக்குக் கடிதம் எழுதுகிறவர்களும் தமிழில் எழுதலாம், பருப்பு வேகவில்லை என்று எழுதிய கடிதம் தமிழில்தான் வந்தது. நாலு வரி போதும்: எந்த வகுப்பு, எந்த ஊர், என்ன கேள்வி, எந்த வாரங்களில் வர முடியும். ஃபோன் எண்ணை உங்கள் அப்பா அல்லது அம்மாவுடையதாகக் கொடுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் இன்னொரு முறை எழுதுங்கள், அப்போதும் வராவிட்டால் அடுத்த துறைக்குப் போங்கள்.